கலத்துக்கு வெளியே நடக்கும் சமிபாடு

ஐப்பசி பிறக்கும் நாட்களில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், பெரும்போக விதைப்பு தொடங்கிவிடுகிறது. விதைநெல்லை ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, வடித்து, சாக்கில் கட்டி, மேலே ஈரச்சாக்கோ வைக்கோலோ போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். "சூடு கூடினாத் தண்ணி தெளிச்சுப் பிரட்டி விடு மனே" என்று எங்கள் அயலிலுள்ள பெரியவர் தம் பேரனுக்குச் சொல்வதை ஒவ்வொரு போகத்திலும் கேட்கலாம். முளைவிடும் நெல் சுவாசிப்பதால் எழும் சூடு அது. சுவாசிப்பதற்கு வெல்லம் வேண்டும்; காய்ந்த நெல்லில் இருந்ததோ மாப்பொருள். இடையில் ஒரு சமிபாடு நடந்திருக்கிறது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் நான், சமிபாடு என்ற பாடத்தை இரைப்பையிலிருந்து தொடங்குவதைவிட இந்தச் சாக்கிலிருந்து தொடங்குவதையே விரும்புகிறேன்.

நெல்மணியின் பெரும்பகுதி மாப்பொருள் நிறைந்த வித்தகவிழையம். மணி முற்றிக் காயும்போது அப்பகுதியின் கலங்கள் இறந்துவிடுகின்றன. உயிரோடு எஞ்சுவன ஓரத்திலிருக்கும் சிறிய முளையமும், மாப்பகுதியைப் போர்த்திருக்கும் அலுரோன் என்ற மெல்லிய படையும் மாத்திரமே. ஈரம் உட்புகுந்ததும் முளையம் ஜிபரெலின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அது சென்றடைந்ததும் அலுரோன் கலங்கள் அமைலேசு முதலான நொதியங்களை ஆக்கி, தம் எல்லையைத் தாண்டி, இறந்து கிடக்கும் மாப்பகுதிக்குள் விடுகின்றன. முளையத்துக்கும் மாவுக்கும் நடுவே தகடுபோல் அமைந்த வித்திலையும் அதே நொதியத்தைச் சுரக்கிறது; நெல்லில் இந்தச் சுரப்பே முந்திக்கொள்கிறது. மாப்பொருள் உடைந்து மோற்றோசாகவும் குளுக்கோசாகவும் மாற, அந்த வித்திலையே அவற்றை உறிஞ்சி, சுக்குரோசாக மாற்றி, தண்டுக்கும் வேருக்கும் அனுப்புகிறது. தானியங்களின் அலுரோன் படை இவ்வாறு நொதியம் சுரக்கிறது என்பதை ஒசுத்திரியத் தாவரவியலாளர் கொட்லீப் ஆபர்லாண்ட் 1890ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்.

இதனை வகுப்பில் காட்டப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நோன்புக் காலத்தில் காத்தான்குடிக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் கடற்பாசியை (அகார்) நீரில் காய்ச்சி, சிறிது அரிசிமாவைக் கரைத்துச் சேர்த்து, தட்டையான கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். முளைகட்டிய நெல்லின் உமியை நீக்கி, மணியை வெட்டி, வெட்டிய முகம் கீழே படும்படி அதில் வைத்து, இரு நாட்கள் மூடிவைத்த பின் ஐதான அயடீன் கரைசலை ஊற்றினால், தட்டு முழுவதும் கருநீலமாக மாறும். மணிகள் இருந்த இடங்களைச் சுற்றி மாத்திரம் தெளிந்த வட்டங்கள் தெரியும். ஊறவைக்கும் முன்பே முளையத்தை வெட்டி நீக்கிவிட்ட மணிகளைச் சுற்றி அத்தகைய வட்டம் தோன்றுவதில்லை, தோன்றினாலும் மிகச் சிறிது. மணி தொடாத இடத்திலும் மாப்பொருள் மறைந்திருப்பதை மாணவர்கள் தம் கண்ணால் பார்த்துவிட்டால், நொதியம் கலத்தை விட்டு வெளியேறி வேலை செய்தது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இருப்பதில்லை.

உணவு மூலக்கூறுகளின் பருமனே இதற்கெல்லாம் அடிப்படை. கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வு, குளுக்கோசு, அமினோ அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளைத் தன்னிலுள்ள கடத்திப் புரதங்களின் வழியே உள்ளே விடுகிறது. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோசு அலகுகள் கோக்கப்பட்ட மாப்பொருளோ செலுலோசோ அவ்வழியே நுழைய முடியாது. அமீபா உணவுத் துணுக்கை வளைத்து உள்ளே இழுத்து, ஒரு சிறு பைக்குள் அடைத்து, அங்கே சமிபாடு செய்கிறது. கடற்பஞ்சுகள் இன்றைக்கும் இந்தக் கலத்தகச் சமிபாட்டையே நம்பி வாழ்கின்றன. எமது வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை விழுங்குவதும் இதே முறையில்தான். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் குடம்பிகளை ஆராய்ந்தபோது இலியா மெச்னிகோவ் அதனை உணர்ந்தார். ஆனால், பற்றீரியாவுக்கும் பங்கசுக்கும் விறைப்பான கலச்சுவர் உண்டு. சுவருள்ள கலம் வளைந்து எதையும் விழுங்க முடியாது. நொதியத்தை வெளியே அனுப்பி, உணவு கிடக்கும் இடத்திலேயே அதனை உடைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

விலங்குகள் இந்த வெளிவேலையையே ஒரு குழிக்குள்ளோ குழாய்க்குள்ளோ அடைத்துக்கொண்டன. ஐதராவும் சொறிமுட்டைகளும் இரையைத் தம் உடற்குழிக்குள் இட்டு, நொதியம் சுரந்து, அது துணுக்குகளாகச் சிதைந்த பின் எஞ்சிய வேலையைக் கலங்களுக்குள் முடிக்கின்றன. இரண்டு முறைகளும் ஒரே உடலில் அங்கே இருக்கின்றன. நம்முடைய உணவுக் கால்வாயில் நடப்பது ஏறத்தாழ முழுவதும் கலப்புறச் சமிபாடு. நாம் விழுங்கிய சோறு குடற்சுவரின் கலங்களைக் கடக்கும் வரைக்கும், உயிரியலின் கணக்கில், உடலுக்கு வெளியேதான் இருக்கிறது. இதனை மாணவர்கள் முதலில் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுடைய தயக்கம் நியாயமானதே. ஐரோப்பிய அறிஞர்களுக்கும் இதை ஏற்க நீண்ட காலம் எடுத்தது. சமிபாடு என்பது வயிறு உணவை அரைப்பதா, வயிற்றின் சூட்டில் உணவு அழுகுவதா, அல்லது ஒரு திரவத்தின் வேலையா என்று அவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான இலசாரோ சுபலன்சானி, இரைப்பைச் சாற்றையும் இறைச்சித் துண்டையும் கண்ணாடிக் குழாயில் இட்டு, உடற்சூடு கிடைப்பதற்காகத் தம் அக்குளில் வைத்துக்கொண்டு, இறைச்சி கரைவதைக் காட்டினார். 1822இல் துப்பாக்கிச் சூடு பட்டு வயிற்றில் ஆறாத துளையுடன் உயிர்பிழைத்த அலெக்சி சென் மார்ட்டின் என்பவரின் இரைப்பைச் சாற்றை எடுத்து, அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833இல் முடிவுகளை வெளியிட்டார். சூடாக வைத்த குப்பிக்குள்ளும் அந்தச் சாறு மாட்டிறைச்சியைக் கரைத்தது. மூன்று ஆண்டுகளின் பின் தியோடர் சுவான் அச்சாற்றிலிருந்த பெப்சினை இனங்கண்டார். உடலை விட்டு வெளியே எடுத்த பின்னும் வேலை செய்யும் திரவம் என்பதே இந்த மூன்று சோதனைகளின் சாரமும்.

வெளியே விடும் நொதியம் விட்டவரையே தின்றுவிடக்கூடாது என்ற சிக்கலும் உண்டு. ஆகவேதான் இரைப்பையின் கலங்கள் பெப்சினை நேராகச் சுரப்பதில்லை. செயலற்ற பெப்சினோசனாகச் சுரக்க, அது குழியிலுள்ள அமிலத்தைச் சந்தித்த பின்னரே செயற்படத் தொடங்குகிறது. சதையி தன் திரிப்சினையும் செயலற்ற வடிவிலேயே அனுப்பிவைக்கிறது. அது சதையியை விட்டு நீங்கும் முன் செயற்பட்டுவிட்டால் விளைவது சதையி அழற்சி என்ற கொடிய நோய்.

குழாய்க்குள் இழுத்துக்கொள்ளாமல், இரையின் உடலிலேயே சமிபாட்டை நடத்தும் விலங்குகளும் நம்மைச் சுற்றி ஏராளம். கூரைத் தாழ்வாரத்தின் கீழே மழை படாத மணலில் கூம்புக் குழி பறித்துக் காத்திருக்கும் குழியானையை அறியாத பிள்ளை எங்கள் ஊர்களில் இல்லை. குழியில் சறுக்கி விழும் எறும்பைக் குழியானை மெல்லுவதில்லை. உள்ளீடற்ற தாடைகளால் குத்தி, நொதியத்தைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிட்டு, வெற்றுத் தோலைக் குழிக்கு வெளியே எறிந்துவிடுகிறது. மின்மினியின் குடம்பி நத்தையை இவ்வாறே கரைத்து உண்கிறது. வீட்டு ஈ திண்மமான உணவின் மீது உமிழ்நீரையும் விழுங்கியிருந்த திரவத்தையும் கக்கி, கரைந்த பின் ஒற்றி எடுக்கிறது. கருவாடு காயவைக்கும் பரண்களை வலையால் மூட வேண்டியதன் காரணம் அந்தக் கக்கலோடு வரும் கிருமிகள். பாசிக்குடாவின் பவளப்பாறைகளைப் போன்ற இடங்களில் வாழக்கூடிய முள்முடி நட்சத்திர மீன், தன் இரைப்பையையே வாய்வழியே வெளியே புரட்டிப் பவளத்தின் மீது விரித்து, உயிருள்ள இழையத்தைக் கரைத்து உறிஞ்சிவிட்டு, வெண்ணிற எலும்புக்கூட்டை மாத்திரம் விட்டுச் செல்கிறது.

இவற்றுள் நம் விவசாயிகளுக்கு மிக நெருக்கமானது சிலந்தி. நெற்பயிரின் அடித்தண்டில் சாற்றை உறிஞ்சும் கபில நிறத் தத்திப் பூச்சி பெருகும்போது அதைப் பிடிக்க ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி, தன் நடுக்குடலில் சுரக்கும் திரவத்தை இரையின் மீதும் காயத்துக்குள்ளும் கக்கி, புரதத்தை வெளியிலேயே உடைத்து, இரைப்பையின் தசையால் இழுத்துக் குடிக்கிறது. திண்மத் துணுக்குகள் உள்ளே போகாதபடி வாயருகே மயிர் வடிகள் உண்டு. சிறிய வாயைக் கொண்ட ஒரு விலங்கு தன் அளவேயான இரையை முழுமையாகப் பயன்படுத்த இது உதவுகிறது. முற்கூட்டியே பூச்சிநாசினி விசிறிச் சிலந்திகளை அழித்த வயலில் தத்தி மீண்டும் பெருகி, பயிர் திட்டுத்திட்டாகக் கருகிக் காய்வதை ஆசிய நெல் வயல்களில் பல தசாப்தங்களாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இங்கே இன்னும் "பூச்சி தெரிந்தால் அடி" என்ற பழக்கம் மாறவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால், வெளியே சமிபாடு செய்யும் கலையின் உண்மையான ஆசான்கள் பங்கசுகள்தாம். பங்கசின் உடல் நுண்ணிய பூஞ்சண இழைகளால் ஆனது. நாம் பறிக்கும் காளான் வித்தி பரப்புவதற்காக எழும் உறுப்பு மாத்திரமே. ஒவ்வோர் இழையும் நுனியில் வளர்ந்தவாறே நொதியங்களைச் சுரந்து, தான் கரைத்த இடத்துக்குள்ளேயே மேலும் நுழைகிறது. விழுந்து கிடக்கும் பாலை மரத்தையோ வீரை மரத்தையோ எடுத்துக்கொண்டால், அதன் கலச்சுவர்களில் செலுலோசு நார்கள் உண்டு. அவற்றைச் சூழ்ந்து, மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் என்ற பொருள் உண்டு. செலுலோசை உடைக்கக் குறைந்தது மூவகை நொதியங்கள் கூடி உழைக்க வேண்டும். ஒன்று சங்கிலியை நடுவே வெட்டுகிறது. மற்றொன்று வெட்டிய முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசு அலகுகளாகக் கழற்றுகிறது. மூன்றாவது அந்த இரட்டையைத் தனித்தனிக் குளுக்கோசாகப் பிரிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் வெப்பவலய ஈரத்தில் மக்கிப்போனதற்குக் காரணம் தேடியவர்கள் பிரித்தெடுத்த திரைக்கோடெர்மா என்ற பங்கசு, இந்த நொதியங்களை மிகுதியாகச் சுரப்பதால், இன்றைக்கும் கைத்தொழிலுக்கான செலுலேசைத் தந்துகொண்டிருக்கிறது.

இலிக்னினின் கதை வேறு. மாப்பொருளும் புரதமும் செலுலோசும் நீர் மூலக்கூறு சேர்ந்து பிளக்கும் பிணைப்புகளால் ஆனவை. இலிக்னினுக்கு அத்தகைய ஒழுங்கான பிணைப்பு இல்லை. ஒழுங்கற்ற முறையில் பின்னிக்கிடக்கும் காபன் வளையங்களால் ஆனது அது. நொதியம் அதன் நெருக்கத்துக்குள் நுழையவும் முடியாது. மரத்தை வெளிறச்செய்து அழுகவைக்கும் வெண்ணழுகல் பங்கசுகள் ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தும் பேரொட்சிடேசுகளைச் சுரந்து, தாக்குதிறன் மிக்க சிறு மூலிகங்களை உருவாக்கி, அவற்றைக் கொண்டு இலிக்னினை ஒட்சியேற்றிச் சிதைக்கின்றன. இலிக்னின் பேரொட்சிடேசு இனங்காணப்பட்டதே 1983இல்தான். இதற்கு ஒட்சிசன் கட்டாயம் வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வாவியின் சேற்றைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இனி, நான் இதை எழுதத் தொடங்கியதற்கே காரணமான செய்திக்கு வருகிறேன். வெளியே சமிபாடு செய்யும் கலம், தான் செலவழித்து ஆக்கிய நொதியத்தையும், அது உடைத்துக் கொடுத்த வெல்லத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. நடுத்தெருவில் அடுப்பு மூட்டிச் சமைப்பவரின் நிலைதான் அதற்கு. அரிசி அவருடையது, ஆனால் போவோர் வருவோர் யாரும் அள்ளிக்கொள்ளலாம். இதனை மிகத் தெளிவாக அளந்து பார்த்தது, கள்ளைப் புளிக்கவைக்கும் ஒருகலப் பங்கசான மதுவத்தில் (ஈஸ்ட்). தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் இறக்கும் சாற்றின் இனிப்புக்குப் பெரும்பாலும் சுக்குரோசே காரணம். மதுவக் கலம் இன்வேற்றேசு என்ற நொதியத்தைத் தன் மென்சவ்வுக்கு வெளியே, கலச்சுவரின் பகுதியில் நிறுத்திவைத்து, சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளக்கிறது. சுவருக்குள் இருந்தும்கூட, பிளந்த வெல்லத்தில் ஏறத்தாழ 100இல் 1 பங்கே அந்தக் கலத்துக்குக் கிடைக்கிறது, எஞ்சிய 99 பங்கும் பரவி அயற்கலங்களுக்குப் போகிறது என்று 2009இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்சு தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நொதியமே ஆக்காத மதுவங்களும் அந்தக் கூட்டத்தில் நன்றாக வாழ்ந்தன. ஆயினும் உழைப்பவை அழிந்துவிடவில்லை, ஏனெனில் அந்த ஒரு பங்கு அவற்றுக்கு முதலில் கிடைக்கிறது. வெல்லம் அருகிய இடத்தில் அதுவே உயிரைக் காக்கிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசி இறக்கினால் சாறு புளிக்காமல் கருப்பநீராகவே இருப்பது, காரத்தன்மை இந்த மதுவங்களையும் பற்றீரியாக்களையும் தொழிற்பட விடாமல் தடுப்பதனால்.

கசிவைச் சமாளிப்பதற்கு உயிர்கள் கண்ட வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், வெளித்தோற்றத்தில் தொடர்பே இல்லாத பல செய்திகள் ஒரே கேள்விக்கான விடைகளாகத் தெரிகின்றன. கூட்டமாக இருப்பது ஒரு வழி. பிரியாமல் ஒட்டிக்கொண்டு திரளாக வளரும் மதுவங்கள், தனித்த கலம் பிழைக்க முடியாத அளவுக்கு ஐதான சுக்குரோசிலும் வளர்கின்றன. ஒன்று சிந்தியதை அடுத்தது பிடித்துக்கொள்கிறது. கூட்டம் சேரும் வரை செலவழிக்காமல் காத்திருப்பது மற்றொரு வழி. கோவா, கரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றில் மென்னழுகலை உண்டாக்கும் பற்றீரியாக்கள் சிறு சமிக்கை மூலக்கூறு ஒன்றை விட்டுக்கொண்டே பெருகுகின்றன. அதன் செறிவு குறித்த அளவைத் தாண்டிய பின்னரே, அதாவது தம்மவர் போதிய அளவு சேர்ந்துவிட்டனர் என்றான பின்னரே, தாவரத்தின் கலச்சுவரைக் கரைக்கும் நொதியங்களைப் பெருமளவில் சுரக்கின்றன. நேற்று நன்றாக இருந்த கோவா இன்று காலை கூழாகிக் கிடப்பதன் காரணம் அதுவே.

மூன்றாவது வழி, நொதியத்தை அலையவிடாமல் கட்டிப்போடுவது. மட்டக்களப்பின் எருமைத் தயிர் நாடெங்கும் பெயர்பெற்றது. சட்டியில் அது உறையும்போது நடப்பதைக் கவனமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பாலின் வெல்லமான இலற்றோசைத் தயிர்ப் பற்றீரியாக்கள் வெளியே உடைப்பதில்லை. முழுதாக உள்ளே எடுத்து, உள்ளேயே பிளந்து, இலற்றிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. அந்த அமிலத்தாலேயே பால் உறைகிறது. ஆனால், பாலின் கேசீன் புரதம் உள்ளே நுழைய முடியாதபடி பெரியது. ஆகவே தயிரிலுள்ள இலற்றோபசிலசு பல்காரிக்கசு, தன் கலச்சுவரின் வெளிமுகத்தில் ஒரு புரதமுடைக்கும் நொதியத்தைப் பொருத்தி வைத்துக்கொண்டு, கேசீனை அங்கேயே துண்டாக்கி உறிஞ்சுகிறது. அப்போதும் சிறிது சிந்தத்தான் செய்கிறது. சிந்தும் பெப்தைட்டுகளை, அதாவது புரதத்தின் சிறு துண்டுகளையும், அமினோ அமிலங்களையும் அயலிலுள்ள திரெப்ரோகொக்கசு தெர்மோபிலசு என்ற மற்றொரு தயிர்ப் பற்றீரியா எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு அது விடும் போமிக் அமிலமும் காபனீரொட்சைட்டும் முதலாவதற்கு உதவுகின்றன. இரண்டையும் சேர்த்து வளர்த்தால் தனித்தனியே வளர்ப்பதைவிட விரைவாக அமிலம் உருவாகிறது.

அந்தப் பாலைத் தந்த எருமையும் தானாகச் செலுலோசை உடைப்பதில்லை. மாடும் எருமையும் செலுலேசு சுரப்பதில்லை. அவற்றின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் பற்றீரியாக்களும், புரட்டோசோவன்களும், 1975இல் கொலின் ஓர்பின் இனங்காட்டிய ஒட்சிசனற்ற பங்கசுகளும் அந்த வேலையைச் செய்கின்றன. அங்குள்ள சில பற்றீரியாக்கள் பல நொதியங்களை ஒரே புரதச் சட்டத்தில் கோத்து, அந்தச் சட்டத்தைத் தம் மேற்பரப்பில் பொருத்தி, மறுபுறத்தால் செலுலோசு நாரைப் பற்றிக்கொள்கின்றன. நாருக்கும் கலத்துக்கும் நடுவே உடைவது தொலைவு போவதில்லை. அவை வெளியேற்றும் அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்களை மாடு தன் குருதிக்கு எடுத்து, தன் சக்தித் தேவையின் பெரும்பங்கை நிறைவுசெய்கிறது. பின்னர் அந்த நுண்ணுயிர்களையே அடுத்த இரைப்பைகளுக்கு அனுப்பி, அவற்றின் புரதத்தையும் சமிபாடு செய்துவிடுகிறது. மாதவணையிலும் மயிலத்தமடுவிலும் மேயும் கால்நடை காய்ந்த புல்லிலிருந்து பால் தரும் வழி இதுதான்.

நம் சிறுகுடலிலும் அதே உபாயம் உண்டு. மாப்பொருளையும் புரதத்தையும் குடற்குழியில் மிதக்கும் நொதியங்கள் துண்டாக்குகின்றன. ஆனால் மோற்றேசு, சுக்கிரேசு, இலற்றேசு ஆகிய கடைசி வெட்டுக்கான நொதியங்கள் குழியில் மிதப்பதில்லை. உறிஞ்சும் கலங்களின் மென்சவ்வில் அவை நடப்பட்டிருக்கின்றன. 1950களின் இறுதியில் சோவியத் உடற்றொழிலியலாளர் அலெக்சாந்தர் உகோலெவ் இந்த மென்சவ்வுச் சமிபாட்டை விளக்கினார். குளுக்கோசு பிறக்கும் இடமும் அதை உள்ளே இழுக்கும் கடத்தியும் அருகருகே இருப்பதால், குடலில் வாழும் பற்றீரியாவுக்கு அதைப் பறிக்க வாய்ப்புக் குறைவு. இலற்றேசு குறைந்தவர்கள் பால் அருந்தினால் வயிறு ஊதுவதும் இதையே காட்டுகிறது; உடையாத இலற்றோசு பெருங்குடலுக்கு இறங்க, அங்கே பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை எழுப்புகின்றன. அவர்களுக்குத் தயிர் ஓரளவு ஒத்துக்கொள்வது, இலற்றோசின் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டதால்.

கறையான்கள் தமக்கு வேண்டிய சமிபாட்டை வேறோர் உயிரிடம் ஒப்படைத்திருக்கின்றன. நம் பகுதியில் புற்றெடுக்கும் கறையான்கள் மரத்தையும் சருகையும் தின்று, பெரிதும் சமிக்காத எச்சமாக இட்டு, அதைப் புற்றுக்குள் தேனடை வடிவில் அடுக்கி, அதன்மேல் ஒரு பங்கசை வளர்க்கின்றன. பங்கசு இலிக்னினையும் செலுலோசையும் சிதைத்துத் தர, பக்குவமான பழைய அடுக்கைக் கறையான்கள் உண்கின்றன. முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து எழும் காளான் அந்தப் பங்கசினுடையது. காட்டோரக் கிராமங்களில் அதைப் பறித்துச் சமைப்பவர்கள், கறையான்கள் பயிரிட்டதையே அறுவடை செய்கிறார்கள்.

கட்டிப்போட்டும், கூட்டம் சேர்ந்தும், குழாய்க்குள் அடைத்தும் தடுக்க முடியாமல் சிந்துவது எங்கே போகிறது என்று கேட்டால், வாவியைக் காட்டலாம். மட்டக்களப்பு வாவியின் கரைகளில் கண்டல் மரங்களின் இலைகள் நீரில் விழுகின்றன. புதிய இலையில் தனினும் செலுலோசும் மிகுதி, நைதரசன் குறைவு. இறாலுக்கு அது நல்ல உணவாவதில்லை. பங்கசுகளும் பற்றீரியாக்களும் அதன்மீது படர்ந்து நொதியங்களைச் சுரக்கும்போது, சில கரைபொருட்கள் நீரில் கலக்கின்றன, சில அவற்றின் உடலாகின்றன. அழுகும் இலைத்துணுக்கில் காபனுக்கு எதிரான நைதரசன் விகிதம் நாளடைவில் உயர்கிறது. சிறு இறால்களும் நண்டுகளும் அந்தத் துணுக்கைத் தின்னும்போது, இலையைவிட அதைப் போர்த்திருக்கும் நுண்ணுயிரிலிருந்தே அதிக ஊட்டம் பெறுகின்றன. அடிச்சேற்றில் ஒட்சிசன் இல்லாததால் இலிக்னின் சிதைவதில்லை. அது கரிய சேறாகத் தங்கி, காபனை நீண்ட காலம் தன்னுள் வைத்துக்கொள்கிறது. கண்டலை வெட்டிச் சேற்றைக் கிளறிக் காற்றுப் படவிட்டால், அவ்வாறு காத்துவைத்தது ஒட்சியேறி வெளியேறத் தொடங்கும்.

வயலிலும் இதே கணக்குத்தான். ஒரு தொன் உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும் 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உண்டு. அறுவடை முடிந்ததும் அதைக் குவித்துக் கொளுத்தினால் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடுகிறது. எரிப்பவர்களைக் குறைகூற நான் முன்வரவில்லை; அடுத்த போகத்துக்கு நிலத்தை விரைவாக ஒழுங்குபடுத்த வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருக்கிறது. ஆனால், 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, சேதனப் பசளைக்கு ஒரே போகத்தில் மாறும்படி கேட்கப்பட்டபோது, எங்கள் மாவட்டங்களின் விவசாயிகள் பட்ட துன்பத்துக்கு இந்தப் பாடத்தில் ஒரு காரணம் உண்டு. கூட்டெருவின் நைதரசன் பெரும்பாலும் புரதத்திலும் அதைப் போன்ற பெரிய மூலக்கூறுகளிலும் கட்டுண்டிருக்கிறது. நுண்ணுயிர்களின் நொதியங்கள் மண்ணில் அவற்றை வெட்டி, தம் தேவைக்கு எடுத்தது போக மிஞ்சியதை அமோனியமாக விட்ட பின்னரே நெல்லின் வேருக்குப் பங்கு கிடைக்கும். மட்டம் வெடிக்கும், அதாவது பக்கத் தண்டுகள் கிளைக்கும், பருவத்தில் பயிர் கேட்கும் வேகத்துக்கு அந்த வேலை ஈடுகொடுக்காது. சேதன விவசாயம் தவறு என்று நான் சொல்லவில்லை. மண்ணில் அந்த உயிர்கள் பெருகப் பல போகங்கள் தேவை என்பதையும், அவற்றை அரச கட்டளையால் விரைவுபடுத்த முடியாது என்பதையும் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

வைக்கோலை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க விரும்புவோர் காலத்தைக் கவனிக்க வேண்டும். வைக்கோலில் நைதரசனின் ஒரு பங்குக்குக் காபன் 60 முதல் 80 பங்கு வரை இருக்கிறது. அதைச் சிதைக்கும் பற்றீரியாவின் உடலிலோ அந்த விகிதம் 10க்கும் குறைவு. பற்றாக்குறையை நிரப்ப அவை மண்ணிலுள்ள நைதரசனை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே உழுது புதைத்த கையோடு விதைத்தால் நாற்று மஞ்சளாகும். அதைக் கண்டு வைக்கோல் நிலத்தைக் கெடுக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். உழவுக்கும் விதைப்புக்கும் நடுவே 2 முதல் 3 கிழமைகளாவது விட வேண்டும். அந்த நாட்களில் மண் ஈரமாக இருக்கலாம், ஆனால் நீர் தேங்கக்கூடாது. நீர் தேங்கினால் ஒட்சிசன் அற்றுப்போய் இலிக்னின் சிதைவது நின்றுவிடும், எஞ்சியதிலிருந்து மீதேன் எழும். சிறுபோகம் செய்யாத வயல்களில் பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் மண்ணில் ஈரம் காயும் முன்பே வைக்கோலைப் பரப்பி மேலோட்டமாக உழுதுவிட்டால், ஐப்பசி விதைப்புக்குள் பங்கசுகளுக்கு வேண்டிய காற்றும் காலமும் கிடைத்துவிடுகின்றன.